நாலு போட்டால் மூன்றேகால்

முனிரத்தினம் மண்டியின் மாங்காய்க் கணக்கை
வீட்டில் வைத்துத்தான் அடிக்கிறேன்.
ஜூன் மாதக் காவேரிப்பட்டணத்தில்
துவைத்த துணியிலும் மாம்பால் வாசம்.
கூழ் ஆலைக்குப் போகும் டிராக்டர் ஒவ்வொன்றுக்கும்
ஒரு வரி: எடை, கழிவு, கூலி, மீதி.
நாற்பதாவது வரியில் கம்ப்யூட்டர் மூச்சை நிறுத்தும்.
நீல வளையம் சுற்றும்.
அது சுற்றி முடிப்பதற்குள்
அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்துவிடலாம்.
அப்படித்தான் தினமும் சமைக்கிறேன்.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்துக் கடையில்
நயாஸ் தலையைக்கூடத் தூக்கவில்லை.
"இதுக்கு ராம் இப்ப வர்றதே இல்லைக்கா.
புதுசு எடுங்க, தவணையில போட்டுக்கலாம்."
தவணை எனக்குத் தெரியும்.
இந்த மெஷினே பதினெட்டுத் தவணை.
பன்னிரண்டு அவர் கட்டினார்.
ஓசூருக்குப் போனார்.
ஆறு நான் கட்டினேன்.

நகராமல் நின்றேன்.
கடைசியில் ஓர் அட்டைப்பெட்டியை என் பக்கம் தள்ளினான்.
பர்கூரில் மூடிப்போன பிரவுசிங் சென்டரின் குடல்:
விசிறிகள், ஒயர்கள், செத்த கரப்பான்,
அடியில் பச்சைப் பட்டைகள்.
எல்லாம் ஒரே சாயல்.
"பள்ளத்தைப் பாருங்க. அது இடம் மாறினா உக்காராது."
பழைய பட்டை ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன்.
ரவிக்கைத் துணிக்கு நூல் பார்ப்பதுபோல்
பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்து
இரண்டை எடுத்தேன், தலைக்கு இரண்டு ஜிபி.
நானூறு என்றான்.
முந்நூற்றைம்பதில் முடித்தேன்.

இரவு, ஒயரைப் பிடுங்கிவிட்டு
தையல் மெஷின் திருப்புளியால் பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
ஒன்பது வருஷத் தூசி.
விசிறிக்குக் கீழே இரண்டு பல்லி முட்டை ஓடு,
பொரித்துவிட்டுப் போனவை.
அந்தச் சூட்டுக்கு நன்றாகவே பொரித்திருக்கும்.

உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்க
முதலில் தகரத்தைத் தொட வேண்டுமாம்.
அப்படி எதுவும் எனக்குள் மிச்சமிருப்பதாகத் தெரியவில்லை.
தொட்டேன்.
தங்க நிறப் பற்களை சுபிக்ஷாவின் ரப்பரால் தேய்த்தேன்,
வாய்ப்பாட்டில் தப்பை அழிக்கிற அதே ரப்பர்.
துகளை ஊதிவிட்டு
காடியில் நிறுத்தி இரண்டு கட்டை விரலால் அழுத்தினேன்,
உடைந்துவிடும் என்று பயந்த இடத்தைத் தாண்டி
இன்னும் கொஞ்சம்.
இரண்டு முனையிலும் கொக்கி தானாக எழுந்து
டக்கென்று பிடித்தது.

பொத்தானை அமுக்கினால்
கறுப்புத் திரை.
பீப். பீப். பீப்.
"லாரி ரிவர்ஸ் வருதாம்மா?" என்றாள் சுபிக்ஷா
தூக்கத்தில்.
மறுபடி பிடுங்கு, தேய், அழுத்து.
மூன்றாம் முறை
ஒரே ஒரு பீப்.

நாலு போட்டிருக்கிறேன்.
திரை காட்டியது மூன்றேகால்.
முக்கால் எங்கே?
"முப்பத்திரண்டு பிட் அவ்ளோதான்க்கா எண்ணும்,"
காலையில் போனில் நயாஸ்.
சிரித்துவிட்டேன்.
நூறு கிலோ இறக்கினால்
தொண்ணூற்றைந்துக்குச் சீட்டு எழுதும் மண்டியில்
பதினோரு வருஷமாகக் கழிவுப் பத்தியை நிரப்புகிறவள்.
என் வீட்டுக்குள்ளேயே ஒரு மண்டி நடக்கிறது.

பர்கூரில் இந்தப் பட்டைகள் வழியே
என்னவெல்லாம் போயிருக்கும்.
பிளஸ் டூ மார்க், பட்டா நகல்,
தடுப்புக்குள் உட்கார்ந்து யாரோ ஒருத்தி அடித்து
அனுப்பாமலே அழித்த கடிதம்.
கொட்டிப் பார்த்தால் ஒன்றும் விழாது.
கரண்ட் போன நொடியே
கழுவிக் கவிழ்த்த பாத்திரம்.
இதற்குப் போய் நினைவகம் என்று
பேர் வைத்திருக்கிறார்கள்.

நாற்பது தாண்டியது.
தொண்ணூறு.
சாந்தூர் டிராக்டர்கள் முடிந்து போச்சம்பள்ளி வண்டிகள்.
இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில்
கூட்டுத்தொகை சரியாக நின்றது.
வளையம் ஒரு தடவைகூட வரவில்லை.

மணி ஒன்பதரை.
சுபிக்ஷா தட்டோடு வந்து நிற்கிறாள்.
உலை வைக்கவே மறந்துபோயிருக்கிறேன்.