அசையாத நேரம்

இரண்டையும் ஹாண்டிலில் கட்டியிருந்தேன்.
இடப்பக்கம் இருந்தது சர்மிலன் பாவித்தது,
விற்கப் போகிறான், ஓடிப் பார் என்றான்.
வலப்பக்கம் புதிது.
"ஞாயிறு பின்னேரத்துக்குள்ள
ஒரு கீறல் இல்லாமல் வரோணும் தங்கச்சி"
என்று கிளிநொச்சிக் கடைக்காரர்
பெட்டியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு தந்தது.
அதன் விலை என் ஐந்து மாதச் சீட்டுக்காசு.
பழையது இரண்டு மாதம்கூட வராது.

ஆடி மாதம், மாங்குளம் சந்தி,
காலை நாலே முக்கால்.
புதியது உடனே செய்மதியைப் பிடித்தது.
பழையது தேடிக்கொண்டே இருந்தது,
இருட்டு அறையில் சுவிட்சைத் தடவும் கை மாதிரி.
தேநீர்க்கடையும் இன்னும் திறக்கவில்லை.
அவசரப்படுத்தவில்லை நான்.

ஆவணியில் முன்னூறு கிலோமீற்றருக்குப் பதிந்திருக்கிறேன்.
இருபது மணித்தியாலம் தருவார்கள்.
சாப்பிட்டாலும், ரியூப் மாற்றினாலும்,
மரத்தடியில் கண்ணயர்ந்தாலும்
அந்த இருபதுக்குள்தான்.
பன்னிரண்டில் சாகும் பற்றரியைக் கட்டிக்கொண்டு
மிச்சம் எட்டை எதைப் பார்த்து ஓடுவது?

ஏற்றங்களை முன்கூட்டியே நிறம் பிரித்துக் காட்டுமாம் புதியது.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஏறினேன்.
ஒருதரம் பச்சையாக எழும்பிப் பார்த்துவிட்டு
மறுபடி படுத்துக்கொண்டது.
பாவம், வன்னியில் அதற்கு வேலை இல்லை.
இங்கே மலை காற்றில்தான் இருக்கிறது.
போகும்போது முதுகைத் தள்ளிய சோளகம்
வரும்போது நெஞ்சில் கைவைத்து நிறுத்தியது.
அதற்கு இரண்டிலுமே நிறமில்லை.

ஒட்டுசுட்டான் தாண்ட
புதியது ஒரு குறுக்குவழி சொன்னது.
நாலு கிலோமீற்றர் மிச்சமாம்.
பாதை தொடங்கும் இடத்தில்
மண்டையோட்டுப் பலகை கழற்றிய கம்பு
இன்னும் நிற்கிறது.
கண்ணி எடுத்தாயிற்று, எனக்குத் தெரியும்.
மாடுகள் போய் வருகின்றன.
நான் தார் றோட்டிலேயே போனேன்.
திரும்பு என்றது. திரும்பு என்றது.
அதன் வாயை மூட வேர்வைப் பெருவிரலால் தொட்டேன்.
வரைபடம் வழுக்கிக் கடலுக்குள் போய் நின்றது.

பழையதில் வரைபடம் இல்லை.
வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு,
அதன்மேல் அம்புக்குறியாய் நான்.
கோட்டை விட்டு விலகினால்
ஒருதரம் முனகும்,
பிறகு பேசாமல் கூட வரும்.

முல்லைத்தீவில் இடியப்பமும் சொதியும்.
இரண்டும் தாங்களாகவே நின்றுவிட்டன.
ஒட்டுசுட்டானுக்குத் திரும்பி வந்து
இளநீர் குடித்தபோதும் அப்படியே.
மாங்குளத்தில் பதினொன்று ஐந்துக்கு இறங்கிப் பார்த்தேன்.
நாலு மணித்தியாலம் நாற்பது நிமிடம்
என்றன இரண்டும், ஒரே குரலில்.
அது அசைந்த நேரம் மட்டும்.
மிச்சம் ஒன்று நாற்பதும் எங்கே?

மாங்குளத்திலிருந்து வவுனியா நாற்பது கிலோமீற்றர்.
எனக்கு அப்போது பத்து வயது.
ஓமந்தையில் பஸ்ஸை விட்டிறங்கி
பை திறந்து, பை மூடி,
வேறு வரிசை, மறுபடி பை திறந்து,
போய்ச் சேர விளக்கு வைத்துவிடும்.
இது அன்று கையில் இருந்திருந்தால்
ஒரு மணித்தியாலம் என்று காட்டியிருக்கும்.
சராசரி வேகத்துக்குப் பாராட்டும் சொல்லியிருக்கும்.

தானாக நிற்பதை நிறுத்த வேண்டும்.
புதியதில் அதற்குப் போன் வேண்டும்,
போனுக்குச் சிக்னல் வேண்டும்,
என் பிறந்த திகதியும் வேண்டும்.
பழையதில் மூன்றாவது பொத்தான், நீள அழுத்தம்.
"தானே நிற்க: இல்லை."

கடைக்காரர் ரியூப் லைட்டுக்குக் கீழே
புதியதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
கீறல் இல்லை.
"அந்தப் பழசில றோட்டுப் பேர்கூட வராதே."
"பேர் எனக்குத் தெரியும் அண்ணை."
சொன்ன பிறகுதான் கொஞ்சம் பெரிய கதை கதைத்துவிட்டேனோ என்று வெட்கம்.
இரவில், புதுக் குறுக்குத் தெருவில்,
எனக்கும் ஒரு பேர் தேவைப்படலாம்.

வரும் வழியில் ரயில் கடவை மூடியிருந்தது.
ஒரு காலை ஊன்றி நின்றேன்.
பக்கத்தில் மோட்டச்சைக்கிள்கள், ஒரு லாண்ட்மாஸ்டர்,
அதன் பெட்டியில் நித்திரையாய் ஒரு பையன்.
வேகம்: பூச்சியம்.
ரயில் இன்னும் வரவில்லை.
நிமிடம் ஏழானது, எட்டானது,
ஒன்றுகூட விடாமல் எண்ணிக்கொண்டிருந்தது.