லிட்டருக்கு இருபத்தாறு

மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் ஏழாம் நம்பர் அறை.
பகலில் மல்லேசப்பாவுடையது,
இரவில் என்னுடையது.
வண்டியும் அப்படித்தான்.
ஆளுக்கு ஒன்பதாயிரம் போட்டு வாங்கிய பழைய சாமுராய்.
இதே ஓசூரில் பிறந்து
எந்தெந்த ஊரிலோ புகைவிட்டுத் திரிந்து
ஹாண்டில் பார் வளைந்தபின் திரும்பி வந்தது.

சாவி ஆணியில். ஆணிக்குக் கீழே நோட்டு.
தளிக்காரனுக்குத் தமிழ் பேச வரும்,
எழுத வராது.
அதனால் எங்களுக்குள் எண்கள்தான்:
தேதி, கிலோமீட்டர், போட்ட ரூபாய்.

ஆவணி பிறந்ததும் எண்கள் சண்டை பிடித்தன.
நாற்பது தந்த வண்டி
முப்பத்து மூன்று,
முப்பது,
இருபத்தாறு.
என் எண்ணுக்கு அடியில் அவன் கோடு கிழித்தான்.
அவன் எண்ணைச் சுற்றி நான் வட்டம் போட்டேன்.
அதுவும் சிவப்புப் பேனாவில்.
வாயைத் திறந்து ஒரு வார்த்தை இல்லை.
ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஒரு விளக்குமாற்றுக் குச்சி ஒளித்து வைத்திருந்தேன்.
டேங்குக்குள் விட்டு எடுத்து
ஈரம் நின்ற இடத்தில் பிளேடால் கீறுவேன்,
அவன் கிளம்பும் முன் ஒன்று,
வந்தபின் ஒன்று.

ஞாயிறு. அவன் உள்ளே குறட்டையில்.
பனி கலையாத முற்றத்தில்
டேப்பை மூடிவிட்டுப் பெட்ரோல் ட்யூபை இழுத்தேன்.
வரவில்லை.
கருவாடு மாதிரி விறைத்திருந்தது.
திருகித் திருகி இழுத்ததில் பாதியில் முறிந்தது.
கிளிப்புக்கு அடியில், மடங்கும் இடத்தில்,
தலைமுடி அகலத்தில் வெடிப்பு.
சுற்றிலும் காய்ந்த தேன் போல ஒரு கறை.

அவசரத்தில் நாங்கள் டேப்பை மூடுவதே இல்லை.
என் கம்பெனி ஷெட்டில் ஒன்பது மணி நேரம்,
அவன் கம்பெனி ஷெட்டில் ஒன்பது மணி நேரம்,
கசிந்து, தரை தொடும் முன்பே காற்றாகி...
ஓடியதில் தீரவில்லை,
நின்றதில் தீர்ந்திருக்கிறது.

முறிந்த துண்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு
டவுன் பஸ் ஏறினேன்.
பக்கத்து சீட்காரர் முகர்ந்துவிட்டு எழுந்து போனார்.
பாகலூர் ரோட்டுக் கடையில் ஷகிலா அக்கா
துண்டை நகத்தால் அழுத்திப் பார்த்தார்.
"பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க தம்பி,
பழைய ரப்பர் தாங்காது.
ரெண்டு லேயர் ஹோஸ் போடு.
பெரிய சைஸ் வாங்கி கிளிப்ப இறுக்கிக்கலாம்னு பாக்காத."
ஹோஸ் தொண்ணூறு, ஃபில்டர் முப்பது,
திருகு கிளிப் இரண்டு இருபது.

டீக்கடையில் ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டேன்.
பெட்ரோல் திறந்திருக்கையில்
எங்கள் அடுப்பைப் பற்றவைக்கப் பயம்.
ஹோஸின் முனையை அதில் முக்கி எடுத்ததும்
இளகி, பித்தளை மூக்கில் தானாக ஏறியது.
ஃபில்டரின் அம்பு கார்புரேட்டரைப் பார்க்கிறதா?
பார்க்கிறது.

ஸ்க்ரூடிரைவர் தேடி
வண்டியின் பக்கப் பெட்டியைத் திறந்தேன்.
பழைய துணிக்குள் சுருட்டி
ஒரு விளக்குமாற்றுக் குச்சி.
பிளேடுக் கீறல்கள், வரிசையாக.
என்னுடையது ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது,
ஓடிப்போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன்.

அவன் குச்சியில் கீறல் கூடுதல்.

கிளிப்பை அளவாக இறுக்கினேன்.
டேப்பைத் திறந்ததும்
கண்ணாடி ஃபில்டரில் மஞ்சளாய் ஏறி நின்றது.
அடியில் பேப்பர் விரித்துப் பத்து நிமிடம்
குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.
பேப்பரில் சொட்டு இல்லை.

நோட்டில் 140 என்று எழுதி
பழைய ட்யூபை ரப்பர் பேண்டால் அந்தப் பக்கத்தோடு கட்டினேன்.
வெடிப்பு மேலே தெரிகிற மாதிரி.
குச்சியைத் துணிக்குள் இருந்தபடியே சுருட்டி வைத்தேன்.

திங்கள் காலை சாவி ஆணியில்.
நோட்டுக்குள் மூன்று இருபதும் ஒரு பத்தும்.
என் 140க்கு அடியில் 70.
பக்கத்தில் எண் இல்லாத ஏதோ எழுதி
அதை அவனே அடித்திருந்தான்.
கன்னடமா தெலுங்கா,
எனக்கு அதுவும் தெரியாது.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்,
கம்பெனி பஸ் போகிற சத்தம் கேட்கும் வரை.