அறுபத்தொன்று முதல் எழுபத்திரண்டு வரை

ஜெலுத்தோங் அடுக்குமாடிகளுக்குப் பின்னால்
கால்வாயைத் தாண்டினால் தகரக்கூரைக் கோயில்.
வெள்ளி இரவு ஏழரைக்கு நாங்கள் பதினாலு பேர்,
ஆளுக்கொரு போட்டோஸ்டாட் கட்டு,
அம்மனுக்கு நூற்றெட்டுப் போற்றி.

யாரோ எப்போதோ நகலெடுத்தபோது
ஏழாம் பக்கம் இயந்திரத்திலேயே தங்கிவிட்டது.
அந்த நகலின் நகலின் நகல்தான் எங்களுடையது.
அறுபதில் ‘கடல்மேல் கண்வைத்தாய் போற்றி’,
தாளைத் திருப்பினால் எழுபத்து மூன்று,
‘தாழ் திறந்தாய் போற்றி.’

முன்னே சொல்பவர் கோமளவல்லி அக்கா,
பேரங்காடியில் காசாளர்.
எண்ணிக்கை பிசகினால் தூக்கம் வராதவர்.
அறுபது முடிந்ததும் வாய் மூடி
பன்னிரண்டு முறை மூச்சு விடுவார்.
ஒவ்வொரு மூச்சுக்கும் நாங்கள்
பெயரில்லாத ஒரு ‘போற்றி’.
பூசாரியும் ஒவ்வொரு சிட்டிகை குங்குமம்
குறையாமல் போடுவார்.

மற்றவர்கள் அங்கே என்ன வைத்தார்களோ தெரியாது.
நான் திருட்டுத்தனமாய் நிரப்பினேன்.
பாயான் லெப்பாஸ் ஆலையில்
என்னோடு இரவு ஷிப்டு நின்ற ரஃபிக்குல்,
சோதனை வந்த மறுநாள் அவன் நாற்காலி காலி. போற்றி.
திருடுபோன மோட்டார் சைக்கிள்,
தவணை மட்டும் இன்னும் ஒன்பது மாதம். போற்றி.
பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் குணாளன். போற்றி.
நாலாம் மாதமே போய்விட்ட ஒன்று,
அதற்குப் பெயரே வைக்கவில்லை.
அதற்கு மட்டும்
அச்சாகாத அந்தப் பக்கம்
அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

போன மாதம் ஒரு குத்தகைக்காரர்
மகள் கல்யாணத்துக்காக நூறு புத்தகம் அடித்துக் கொடுத்தார்.
வழவழ அட்டை, பெரிய எழுத்து,
உள்ளே தொலைந்த பன்னிரண்டும்.
‘ஈரம் அறிந்தாய்’, ‘எரியும் திரியில் இளைப்பாறினாய்’…
நல்ல பெயர்கள்தாம்.
நாக்கில் புதுச்செருப்பு போல் கடித்தன.
அன்று குரல் பாதிதான் எழும்பியது.
பூசாரி ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அடுத்த வெள்ளி அக்கா புதுப் புத்தகத்தோடு வந்தார்.
அறுபதுவரை படித்தார்,
விரலை நடுவில் வைத்து மூடினார்,
குங்குமத் தட்டைப் பார்த்தபடி
பன்னிரண்டு மூச்சு.
பிறகு திறந்து
அறுபத்தொன்றிலிருந்து ஒன்றும் விடாமல்
நூற்றெட்டுவரை.

சுண்டல் பொட்டலத்துக்குக் கை நீட்டும்போது கேட்டேன்,
‘நூற்றிருபது ஆகிவிட்டதே அக்கா?’
ரப்பர் வளையத்தை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டே சொன்னார்:
‘கல்லாவில் குறைந்தால்தான் கேட்பார்கள்.
கூடினால் யார் கேட்கப் போகிறார்?’