இரண்டு இடைவெளி

எங்கள் ஆவணத்தில் நாற்பத்தொன்றாம் பயனர்
கடுகு நிறத்தில் துடிக்கிற ஒரு கோடு.
ஆறு வருடமாய் ஒரே பக்கத்தில் எழுதுகிறோம்.
நான் லூலியோவில், ஆற்றைப் பார்த்த மூன்றாம் மாடி.
அவர் எங்கே என்று கேட்கக் கூடாது.
ஆணா பெண்ணா என்றும்.
அவர் என்கிறேன். கடைசியில் நிற்கும் அந்த 'ர்'
போதும் தாழ்ப்பாளுக்கு.

முதல்நாள் இங்கெயெர்ட் சொன்னது இவ்வளவுதான்:
"முகவரி மறைக்கப்பட்டவர். வேலை தெரிந்தவர்.
பிறந்தநாளுக்கு கேக் அனுப்ப முயலாதே."

தெரிந்தவர்தான்.
மறுப்புக் கடிதங்களை மனிதர் படிக்கும்படி
மாற்றி எழுதுவது எங்கள் பிழைப்பு.
'மேற்படி விண்ணப்பம் பரிசீலனைக்குப்பின்
ஏற்புடையதன்று எனக் கருதப்படுகிறது'
என்று நான் அடித்தால்
கடுகுக் கோடு ஊர்ந்து வந்து
முழுதையும் தின்றுவிட்டு வைக்கும்:
'உங்களுக்கு இந்தப் பணம் கிடைக்காது.  ஏனென்றால்'

அந்த ஏனென்றாலுக்குப் பின் என்ன வருமென்று
அரை நிமிடம் காத்திருப்பேன்.
காபி ஆறும்.

கடிதத்தின் அடியில் ஒரு பெயர் வேண்டும்.
முடிவெடுத்தது யாரென்று அறிய மக்களுக்கு உரிமை உண்டு.
நல்ல சட்டம். புதிதாய்ச் சேர்பவர்களுக்கு
நானே அதை வகுப்பெடுக்கிறேன்.
அவர் எடுத்த முடிவுகளின் அடியில்
ஸ்டூரே நோர்ட்லுண்ட் என்று என் பெயர்.

போன மார்ச்சில் கடையில், உறைமீன் பெட்டியருகே
சக்கர நாற்காலியைக் குறுக்கே நிறுத்தி ஒருவர்
"நீதானே அந்த ஸ்டூரே?" என்றார்.
நான்தான் என்றேன்.
வசவு முழுவதையும் வாங்கிக்கொண்டேன்.
அவ்வளவு நேர்மையாக நான் பொய் சொன்னதில்லை.

பிறகு அந்த மின்னஞ்சல்.
பெயரில்லை. மரியாதையான நடை.
ஐந்து வருடக் கடித மாதிரிகள் அத்தனையும் வேண்டுமாம்.
யார் நீங்கள் என்று நாங்கள் கேட்கக் கூடாது.
எதற்கு என்றும்.
அதுவும் நல்ல சட்டம்தான்.
ஆய்வு மாணவராய் இருக்கலாம்.
பத்தில் ஒன்பது பேர் ஆய்வு மாணவர்கள்.

எண்களை மூடினோம், குறியீடுகளை மூடினோம்.
வெள்ளிக்கிழமை அனுப்பினேன்.
சனிக்கிழமை, பல் துலக்கும்போது உறைத்தது:
முற்றுப்புள்ளிக்குப் பின்
அவர் இரண்டு இடைவெளி விடுபவர்.
தட்டச்சுப்பொறியில் பழகிய விரல்.
ஒவ்வொரு வாக்கியத்தின் வாசலிலும்
ஒரு வெண்மை கூடுதல்.

கறுப்பு மை எழுத்தை மூடும்.
வெற்றிடத்தை எதைக் கொண்டு மூடுவது?
அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்த ஒருவருக்கு
அவர் அடித்த வாடகைக் கடிதம் ஒன்று
இழுப்பறையில் கிடந்தால் போதும்.

அனுப்பியதை அழைக்க முடியாது.
பழைய கோப்பைத் தொட்டால் குற்றம்.
திங்கட்கிழமை மாய்வோரிடம் போய்
காரணம் கேட்காமல் ஒரு உதவி செய்வாயா என்றேன்.
ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கிறவள், கேட்கவில்லை.
யெர்கர் கேட்டான், பிறகு வேண்டாம் என்று கையசைத்தான்.
ஷஹ்லா காலிக்ஸ் கிளை முழுவதையும் சேர்த்துவிட்டாள்.
கோடை முடிவதற்குள் நூற்றுப்பத்துப் பேர்
கட்டைவிரலால் இரண்டுமுறை தட்டினோம்.
தாள்கள் கொஞ்சம் நீண்டன.  அச்சுப் பிரிவு முணுமுணுத்தது.
இனி கேட்பவருக்குப் போவது
ஒரே ஆள் எழுதிய நூற்றுப்பத்துப் பேர்.
வீட்டுக் கடைப்பட்டியலில்கூட எனக்கு வந்துவிட்டது.  இதிலும்தான்.

நேற்று கடுகுக் கோடு
என் வாக்கியத்தில் வந்து நின்றது.  வெகுநேரம்.
ஓரத்தில் ஒரு குறிப்பு முளைத்தது:
'எல்லோரும் ஏன் இப்படி எழுதுகிறீர்கள்?'
பதில் தேடுமுன் அதை அவரே அழித்தார்.

இன்று காலை அவர் எழுதிய பக்கத்தைத் திறந்தேன்.
உங்களுக்கு இந்தப் பணம் கிடைக்காது. ஏனென்றால்.
எண்ணிப் பார்த்தேன்.  மறுபடி எண்ணினேன்.
திருத்திக்கொண்டுவிட்டார், பாவி மனிதர்.
இந்த அலுவலகத்திலேயே இப்போது
ஒற்றை இடைவெளி விடுகிற ஒரே ஆள்.

மாய்வோரின் அறைக்கதவைத் தட்டினேன்.
"இன்னொரு உதவி," என்றேன்.