ரெண்டு பெட்டி

விடியாத மூன்றரை மணி. ராவுசுத் துறைமுகம்.
தமிழ்க் காதுக்குச் சிரிப்பு மூட்டும் பெயர்;
ஊர் ஒரு ராவுசும் செய்யாது.
பனி, டீசல் நெடி, ஈரத் தரையில்
பெட்டி இழுக்கும் கொக்கிகளின் உரசல்.

ஏலக்கூடத்து எந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது.
படகின் பெயர் சரி.
எடை சரி.
மீன் இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு வெற்றுச் சதுரங்கள்.

"இது என்ன மீன்?"
சப்போரோ வியாபாரி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"ரெண்டு பெட்டி," என்றார் ஏலம் கூறும் குமகாய்,
முகத்தில் சிரிப்பில்லாமல்.

மீன் ஹொக்கே.
பக்கத்தில் பக்கமாக
மீனையும் பூவையும் நிறுத்தினால் அதன் எழுத்து.
இங்கே எழுதிக் காட்ட மாட்டேன்,
உங்கள் திரையை எனக்குத் தெரியாது.

*

குஷிரோவில், இரண்டாம் மாடியில்,
மினோரி தொகாஷி தன் லினக்ஸில் ஓட்டிப் பார்த்தாள்.
மீன் முழுசாக வந்தது, பூவோடு.
"என் மெஷினில் ஓடுகிறதே" என்று
உலகத்தில் எல்லோரும் சொல்வதை அவளும் சொன்னாள்,
போனில், மெதுவாக,
சொல்லும்போதே வெட்கப்பட்டு.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் யாரோ எழுதிய நிரல்.
மாறிகளுக்கு 'அகலம்' என்று பெயர்.
எவ்வளவு அகலம் என்று யாரும் கேட்கவில்லை.
இவள் மேசையில் ஓர் அகல எழுத்துக்கு நான்கு பைட்.
ஏலக்கூடத்து விண்டோஸில் இரண்டு.
ஒரே சொல், இரண்டு முழக்கோல்.
துணிக்கடையில் நடந்திருந்தால் அடிதடி.

அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் போதும்
என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள்.
சூரைக்கு அதற்குள்ளேயே வீடு.
விருந்து மேசைக்குப் போகும் செம்மீனுக்கும் வீடு.
ரேஷனில் போட்ட மலிவு மீன் ஹொக்கேவுக்கு
எல்லைக்கு வெளியே பட்டா.
அங்கிருந்து வர வேண்டுமானால்
இரண்டு பாதியாகத்தான் வர வேண்டும்,
ஒட்டிக்கொண்டு, யாரும் நடுவில் கத்தி வைக்காமல்.

பழைய நிரல் ஒவ்வொரு பாதியாக எடுத்து
ஒவ்வொரு பாதியையும் தனியாக வரைந்தது.
தமிழில் உயிரைக் கழற்றினாலும்
மெய் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு நிற்கும்.
இந்தப் பாதிகள் ஒற்றுக்கும் ஆகாதவை.

*

முதல் திருத்தம் நிலைமையைக் கெடுத்தது.
சர்வரில் இருந்த அகலச் சரத்தை
அப்படியே தூக்கி அனுப்பினாள்.
மறுநாள் சீட்டுகளில்
படகுப் பெயரெல்லாம் முதல் எழுத்தோடு முடிந்தன.
நான்கு பைட்டின் காலி இடத்தில் ஒரு பூஜ்யம்;
பூஜ்யத்தைக் கண்டால் வாயை மூடிக்கொள்வது
அந்தக் காலத்து நிரல்களின் ஒழுக்கம்.

குமகாய் போனில் கத்தவில்லை.
"இன்று பதினோரு படகும் ஒரே படகு," என்றார்.
"எனக்குத் தொந்தரவில்லை, நான் சீட்டைப் பார்ப்பதில்லை.
கணக்குப் பிள்ளைதான் அழுகிறான்."

அன்றிரவு அவள் இரண்டு காரியம் செய்தாள்.
ஒன்று: வழியில் போகும் எழுத்தெல்லாம்
யூடிஎஃப் எட்டில்தான் போக வேண்டும்;
அகலமோ குறுகலோ, வீட்டுக்குள் வந்தபின் அவரவர் பாடு.
இரண்டு: நிரலில் ஒரு குறிப்பு.
"இங்கே நீளம் கேட்டால் பெட்டியின் எண்ணிக்கை சொல்லும்.
மீனின் எண்ணிக்கை அல்ல.
நறுக்கும் முன் யாரை நறுக்குகிறாய் என்று பார்."
எழுதியபின் கடைசி வரியை அழித்தாள்.
பிறகு திரும்பப் போட்டாள்.

*

வெள்ளிக்கிழமை சீட்டில் மீன் வந்தது,
பூவோடு, ஒரு கோடும் குறையாமல்.
மினோரி நூற்றறுபது கிலோமீட்டர் வண்டி ஓட்டி
அதைப் பார்க்கவே வந்திருந்தாள்.
யாரும் சீட்டைப் பார்க்கவில்லை.

குமகாய் தொண்டையைச் செருமினார்.
குரலுக்கு யூனிகோடு வேண்டாம்,
அவர் வாயில் அந்த மீன் ஒரு நாளும் உடைந்ததில்லை.

"அடுத்தது," என்றார்,
"ரெண்டு பெட்டி, நாற்பது கிலோ!"

கூடமே கை தூக்கியது.