ஒன்பது இரண்டு

யார் நீ என்று கேட்கிறேன்.
முப்பத்தேழாம் அறையில் தன் பெயரை வைத்திருக்கும் சில்லு அது.
பூஜ்யம் பூஜ்யம் என்கிறது.
மறுபடி கேட்கிறேன்.
பூஜ்யம் பூஜ்யம்.

திபிலீசி, வார்கெதிலி, டிசம்பர்.
ஒன்பது மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில்
லிஃப்ட் கதவோரம்
கவிழ்த்த தயிர் வாளிமேல் உட்கார்ந்திருக்கிறேன்.
மடியில் லேப்டாப், பல்லிடுக்கில் டார்ச்.
அட்டை காட்டினால் மேலே தூக்கும் பெட்டிக்கு
செவ்வாய்க்கிழமையிலிருந்து யாரையும் அடையாளம் தெரியவில்லை.
பழைய பலகை புகைந்துபோக
புது மைக்ரோகன்ட்ரோலரை நான்தான் வைத்தேன்.
வைத்தவள் தலையிலேயே பழி.

நாலாம் மாடி எலிசோ
உருளைக்கிழங்கு மூட்டையோடு படியேறுகிறாள்.
ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று
என்னைப் பற்றி ஒரு சொல் உதிர்க்கிறாள்.
தெளிவாகக் கேட்கிறது.
இந்தக் கட்டடத்தில் எதையும் ஒழுங்காகக் கடத்துவது
படிக்கட்டு ஒன்றுதான்.

பேசுவதற்கு நான்கு கம்பிகள்.
ஒன்று தாளம்.
ஒன்றில் என் சொல் போகும், ஒன்றில் அதன் சொல் வரும்.
நான்காவது, தாழ்ந்தால் மட்டும்
"உன்னைத்தான்" என்று பொருள்.
போவதையும் வருவதையும் மாற்றிக் குத்திவிட்டேனோ?
பிடுங்கி மாற்றினேன்.
இல்லை, முதலில் குத்தியதே சரி.
மூன்று புள்ளி இரண்டு ஒன்பது வோல்ட். அதிலும் குறையில்லை.
நீண்ட ஒயரை வெட்டி ஒரு சாணாக்கினேன்.
தாளத்தை நாற்பது லட்சத்திலிருந்து ஒரு லட்சத்துக்கு இறக்கினேன்,
காது மந்தமானவரிடம் பேசுவதுபோல.

இப்போது எஃப் எஃப் என்கிறது.
எதைக் கேட்டாலும் ஆம்.
எதைக் கேட்டாலும் இல்லை என்றிருந்ததைவிட
இது மோசம்.
இரண்டுமே பதில் அல்ல.
மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாத கம்பி
எந்தப் பக்கம் சாய்கிறதோ, அது.

பக்கத்து வீட்டு வாஜா வந்து நின்றான்,
பால்கனி ஒழுகியதற்காக
இரண்டு வருஷமாய் என்னோடு பேசாதவன்.
இப்போதும் பேசவில்லை.
ஒன்பது மாடியை அண்ணாந்து பார்த்து
மூக்கால் மூச்சு விட்டான்.

எரிச்சலில் பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

ஒன்பது இரண்டு.

விரலை எடுத்தேன். பூஜ்யம்.
அழுத்தினேன்.
ஒன்பது இரண்டு ஒன்பது இரண்டு ஒன்பது இரண்டு
திரை முழுக்கத் தன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது.

எட்டு ஊசிகளில் ஏழை ஈயம் பிடித்திருந்தது.
எட்டாவது பளபளவென்று,
பிடித்ததுபோல், தொடாமல் நின்றது.
நான் பற்றவைத்ததுதான்.

ஈயம் உருக்கும் கோலோ ஒன்பதாம் மாடியில்.
விரலை எடுத்தால் லிஃப்ட் இல்லை.
டார்ச்சைத் துப்பிவிட்டு
வாஜாவிடம் சாவியை நீட்டினேன்:
"கோல் மாதிரி இருக்கும். ஒயர் உண்டு. முனை சுடும்."
தலையாட்டி அட்டையை வைத்தான்.
பச்சை.
பெட்டி அவனைத் தூக்கிக்கொண்டு போனது.

அதற்குள் செய்தி பரவிவிட்டது.
ஆறாம் மாடி மாணவர்கள் இருவர்,
நாயோடு ஒருத்தி,
முகமே பார்த்திராத இரண்டாம் மாடிக்காரர்,
இரண்டு மாடிக்கும் லிஃப்ட் வேண்டுமாம்,
ஒவ்வொருவராக என் விரலுக்குப் பக்கத்தில் அட்டை காட்டி
மாலை வணக்கம் சொன்னார்கள்,
எனக்கா சில்லுக்கா என்று தெரியாமல்.

வாஜா இறங்கி வந்தான்.
கையில்
என் முடி சுருட்டும் கோல்.
ஒயர் உண்டு. முனை சுடும்.
நான் அனுப்பியது ஓர் எழுத்து பிசகாமல்தான்
போய்ச் சேர்ந்திருக்கிறது.

சிரித்ததில் விரல் நழுவியது, பூஜ்யம் பூஜ்யம்.
"இது இல்லையா?" என்றான்.
இரண்டு வருஷத்தில் முதல் வாக்கியம்.
"மஞ்சள் பிடி. பக்கத்தில் ஈயச் சுருள் கிடக்கும்."
"மஞ்சள் பிடி, ஈயச் சுருள்,"
திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டான்.
மரத்துப்போன விரலை மறுபடி ஊன்றினேன்.
பச்சை.

கதவு மூடும்போது இன்னும் ஏதோ கேட்டான்,
பால்கனி என்பது மட்டும் காதில் விழுந்தது.
ஆம் என்று கத்தினேன்.