கடைவாய்

கேடிஎம் ரயிலில் வந்தவர்கள் எல்லாம்
படிகளை நோக்கிப் போனார்கள்.
நானும் ஹுய் லின்னும் மட்டும்
புறாக் கூட்டத்தைக் கடந்து இடப்பக்கம் திரும்பினோம்.

வேரைப் பிடித்து ஏறும் பாதை.
இந்தச் சுண்ணாம்புப் பாறை ஒரு காலத்தில் கடலடி என்கிறான் ரொஸ்லான்.
தண்ணீர்ப் புட்டியால் தட்டிக் காட்டுகிறான்.
கடல் எங்கே கேட்கிறது?
கீழே நெடுஞ்சாலை லாரிகள்தாம்.

மேலே, தகரக் கூரையின் கீழ் ஒரு கண்காட்சி அறை.
பாடம் செய்த வௌவால்,
போத்தலில் தேள்,
வால் எலும்பு தொலைந்துபோன ஏதோ ஒன்று.
தொடாதீர் என்ற அட்டையை
மின்விசிறி தொட்டுத் தொட்டுத் தள்ளியது.

கண்ணாடிக்குள், பஞ்சின்மேல்,
ஒற்றைப் பல்.
ஓராங் ஊத்தான்.

கடைவாய் என்று படிக்காமலே தெரிந்தது.
பதினேழு வருடமாக ஜாலான் ஈப்போவில்
அடுத்தவர் வாய்க்குப் பல் செய்கிறவள் நான்.
மெழுகில் மேடு வைத்து, பள்ளம் சுரண்டி,
முகம் பார்க்காதவர்களின் கடியைச் சரி பார்க்கிறவள்.

குனிந்தேன்.
மேடெல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தது.
ஒரே பக்கமாக மென்றிருக்கிறது, பாவம்.
மறுபக்கம் வலித்திருக்கும்.
வாய் திறந்து காட்ட ஆளில்லாத காட்டில்
எத்தனை மழைக்காலம் வலித்ததோ.

வேர் எங்கே என்று கேட்டேன்.
முள்ளம்பன்றி, என்றான்.
மண்டை, தாடை, விலா
எல்லாவற்றையும் குகைக்குள் இழுத்துவந்து
கொறித்தே தீர்த்துவிட்டதாம்.
பல்லைத் தின்ன மட்டும்
அதன் பல் போதவில்லை.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது.
பாறைக்கடியில் ஒண்டி
கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரித்தோம்.
மூன்றாவது கடலையிலேயே
என் பின்பல்லின் தொப்பி கழன்று நாக்கில் உருண்டது.
என் கையால் செய்தது.
ஹுய் லின் சிரித்துச் சிரித்து இருமினாள்,
உன் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடாதே என்றாள்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
பீங்கான். மக்காது.
முள்ளம்பன்றியும் சீந்தாது.
பாறை இடுக்கில் வைத்துவிட்டால் என்ன?
என்றோ ஒருநாள் எவரோ குனிந்து,
இது எதைத் தின்றது, எந்தப் பக்கம் வலித்தது என்று

காக், இங்கே எதையும் விட்டுப்போகக் கூடாது,
என்றான் ரொஸ்லான்.
விட்டுப்போனதைத்தானே தம்பி
ஐந்து வெள்ளி கொடுத்துப் பார்த்தோம்.
சொல்லவில்லை. வாயைத் திறந்தால்
காற்று கூசியது.

பயண அட்டையோடு பர்சில் போட்டு மூடினேன்.
மிச்சக் கடலையை
செந்தூல் வரும்வரை
ஒரே பக்கமாக மென்றுகொண்டு வந்தேன்.